8 என்று எழுதியிருக்கிறது, ஃபிலிம் 16 அகலம்: யார் மாற்றினார்கள்?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2023

தாத்தா மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். அவருடைய இரும்புப் பெட்டியில் ஒரு சின்ன மூவி கேமரா கிடைத்தது. கோடாக் பிரவுனி. வெளியே 8 மி.மீ. என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபிலிமை ரூலர் வைத்து அளந்தால் 16 மி.மீ. வருகிறது. யாரோ உள்பாகத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

2 மார்ச், இரவு 9.40

யாரும் எதையும் மாற்றவில்லை தம்பி. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோடாக் 1923-ல் வீட்டு உபயோகத்துக்கு 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. நன்றாக ஓடியது, ஆனால் விலை அதிகம். 1932-ல், உலகமே பணமில்லாமல் தவித்த காலத்தில், அதே அகலமுள்ள ஃபிலிமை இரண்டாகப் பகிர்ந்து பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கேமரா ஒரு தடவை ஓடும்போது ஃபிலிமின் ஒரு பாதியில் மட்டும் படம் விழும். 25 அடி முடிந்ததும் கதவைத் திறந்து, ஸ்பூல்களை இடம் மாற்றிப் போட்டு மறு பாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு நடுவில் நீளவாக்கில் கிழித்து, இரண்டையும் ஒட்டி 50 அடியாகத் தருவார்கள். கிழித்த பிறகுதான் அது 8 மி.மீ. கேமராவுக்குள் இருக்கும்வரை 16 அகலம்தான். சாதாரண 16-ஐவிட ஓரத் துளைகள் இரண்டு மடங்கு இருக்கும், எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டத்தின், அதாவது ஃபிலிமில் விழும் ஒரு தனிப் படத்தின், பரப்பளவு 16-ன் கட்டத்தில் கால்வாசி.

மொத்தம் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். ஒரு கல்யாணத்தையே அந்த நான்கு நிமிடத்தில் பிடித்து முடிப்பார்கள்.

2 மார்ச், இரவு 10.05

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. "உள்ளே இருக்கும் ஃபிலிம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கதவைத் திறந்து வெளிச்சத்தில் அளந்திருக்கிறீர்கள்!

தயவுசெய்து இனி திறக்க வேண்டாம். மதிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, கேமராவுக்கு நூறு, நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தால் பெரிது. உள்ளே இருக்கும் சுருளுக்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

பயப்படவும் வேண்டாம். ஃபிலிம் ஸ்பூலில் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். வெளிச்சம் வெளிச்சுற்றுகளைத்தான் எரிக்கும், உள்சுற்றுகளுக்குப் போக நேரமாகும். எடுத்து முடித்த பகுதி, கீழே போய்ச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் இருக்கிறது. அதில் வெளிச்சுற்று என்பது கடைசியாக எடுத்தது, உள்சுற்று முதலில் எடுத்தது. ஆக உங்கள் தாத்தா முதலில் எடுத்த காட்சிகள் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காரில் வைக்க வேண்டாம். சாவியைத் திருக வேண்டாம், பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

3 மார்ச், காலை 7.15

பசியாறிவிட்டு எழுதுகிறேன். நேற்று அவசரத்தில் அந்தக் கேமராவைக் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டேன். விலை குறைவே தவிர, அது நல்ல கேமரா. பிரவுனி 1951-ல் வந்தது. 13 மி.மீ. லென்ஸ், எஃப் 2.7 திறப்பு (இந்த எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்), ஃபோகஸ் செய்யும் வேலையே கிடையாது. சில அடி தூரத்திலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவாக விழும். சாவி கொடுத்தால் ஓடும், வினாடிக்கு 16 கட்டம், வேறு வேகம் இல்லை. லென்ஸுக்கு மேலே வெயில், மேகம், நிழல் என்று ஒரு தகடு இருக்கும். அதைப் பார்த்து முள்ளைத் திருப்பினால் போதும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லை, பேட்டரி இல்லை. கிராணி சம்பளத்தில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கக்கூடிய கேமரா அதுதான். போலெக்ஸ் மாதிரி விலையுயர்ந்த கேமரா எல்லாம் துரை பங்களாவில் இருந்த பொருள்.

நான் சுங்கை சிப்புட்டில் தையல் இயந்திரமும் கடிகாரமும் பழுது பார்ப்பவன், 34 வருஷமாக. ஸ்பிரிங்கில் ஓடும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. கேமராவில் என்னைப் பிடித்து இழுத்தது, ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்தான். ஸ்பிரிங் முழுசாக முறுக்கியிருக்கும்போது வேகமாகவும், தளரத் தளர மெதுவாகவும் ஓடுவதுதான் இயற்கை. ஆனால் இந்தக் கேமராக்கள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடும். உள்ளே சுழலும் சின்ன எடைகள், வேகம் கூடினால் வெளியே விரிந்து ஒரு பட்டையில் உரசும், குறைந்தால் உள்ளே சுருங்கும். ஒரு கைப்பிடி இரும்புக்குள் அப்படியொரு நிதானம். முதல் தடவை திறந்து பார்த்தபோது கடையைச் சாத்திவிட்டு மத்தியானம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் விஷயம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2009-ல் ஒரு போலெக்ஸ் பி8 கிடைத்தது. ஓட்டம் மந்தமாக இருந்தது. தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன், அருமையாக ஓடியது. மறு வாரம் பார்த்தால் எண்ணெய் கசிந்து ஷட்டர் தகட்டிலும் லென்ஸின் பின்பக்கத்திலும் படிந்திருக்கிறது. அந்த மந்தத்துக்குக் காரணம் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகிப் போனதுதான். கழுவி எடுத்துவிட்டுப் புதிதாக மிகக் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கடிகாரத்தில் செய்யத் துணியாததை நான் கேமராவில் செய்துவிட்டேன்.

3 மார்ச், மாலை 6.30

கோல கங்சார் அன்பர் தன் கெனன் சூப்பர் 8 மூவி கேமராவுக்கு என்ன பேட்டரி என்று கேட்டிருக்கிறார். மோட்டாருக்குச் சாதாரண பென்லைட் பேட்டரி போதும். மீட்டருக்குத் தனியாக ஒரு பொத்தான் பேட்டரி உண்டென்றால், கடையில் கிடைக்கும் அதே அளவு பேட்டரியைப் போடலாம்.

3 மார்ச், இரவு 8.10

மேலே எழுதியதைத் திருத்துகிறேன், அப்படிப் போட வேண்டாம். அந்தக் காலத்துப் பொத்தான் பேட்டரி பாதரசம், 1.35 வோல்ட். கடைசிவரை அந்த வோல்ட் மாறாது. இப்போது விற்கும் அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். மீட்டர் தப்புக் கணக்குப் போடும், அதுவும் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு தப்பு. காது கேட்கும் கருவிக்குப் போடும் ஸிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், ஏறக்குறைய நிலையாக இருக்கும். 675 என்ற எண்ணைச் சொல்லி மருந்துக்கடையில் கேளுங்கள். அளவு சரியாக உட்காராவிட்டால் ஒரு ரப்பர் வளையம் போட்டால் போதும்.

முகப்பில் தேன்கூடு மாதிரி கண்ணாடி இருக்கும் கேமரா என்றால் அது செலினியம். அதற்குப் பேட்டரியே தேவையில்லை, வெளிச்சமே மின்சாரம். ஆனால் செலினியம் செத்துவிட்டால் எழுப்ப முடியாது.

5 மார்ச்

காலையில் ஈப்போ பழம்பொருள் சந்தைக்குப் போய் வந்தேன். ஒரு ஃபூஜிக்கா பி1 கேமரா இருந்தது, 90 வெள்ளி சொன்னார்கள். 1965-ல் கோடாக், பெட்டியில் அடைத்து வரும் சூப்பர் 8 ஃபிலிமை வெளியிட்டபோது, ஃபூஜி தன் பங்குக்கு சிங்கிள் 8 என்று விட்டது. படத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் நுழையாது. ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு கோடாக்கில் பிளாஸ்டிக், பெட்டியோடு வரும். ஃபூஜியில் உலோகம், கேமராவிலேயே இருக்கும். தொழில்காரன் கண்ணுக்கு ஃபூஜிதான் சரியான வேலை. ஆனாலும் வாங்கவில்லை. லென்ஸுக்குள் பூஞ்சை வேர் மாதிரி ஓடியிருந்தது.

நம் ஊர்க் காற்றில் இதுதான் பெரிய எதிரி. கேமராவைத் தோலுறையோடு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து லென்ஸுக்குக் கொடுக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒரு தடவை காய வைத்தல், இவ்வளவுதான்.

சுருளுக்கு வேறு வியாதி. திறந்தால் புளிக்காடி வாடை வருகிறதா என்று பாருங்கள். ஃபிலிமின் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். வாடை வந்த சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, மூடியில் துளை போட்டு வையுங்கள். பாச்சை உருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைப் போட்டால் புளிப்பு வாடை மறைந்துபோகும், நோய் இருப்பதே தெரியாது.

8 மார்ச், இரவு

கோல சிலாங்கூர் அக்கா எழுதியதைப் பற்றி. "துரைமார் மட்டும்தான் கேமரா வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நாயும் பூந்தோட்டமும்தான் கண்ணில் பட்டது. அதனால்தான் நம்மவர் மரம் சீவுவது ஒரு படத்திலும் இல்லை" என்கிறார். மரம் சீவுவது என்றால் ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் இறக்குவது.

என் கைக்குப் பதினொரு சுருள் வந்திருக்கிறது. பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்றவை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற அந்தத் துண்டாடல் காலத்தில்தான் 1960-ல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்தார். பங்களாவில் ஏலம் போன மேசை நாற்காலியோடு கேமராவும் சுருளும் ஊருக்குள் வந்தன. பதினொன்றிலும் பார்த்தேன். புல்தரை, நாய், கிறிஸ்துமஸ், கிளப். மூன்றில் மாரியம்மன் திருவிழா, ஒன்றில் தீமிதி. பந்து விளையாட்டு ஒன்று. மரம் சீவும் காட்சி ஒன்றுகூட இல்லை. அக்கா சொல்வது உண்மை.

ஆனால் காரணம் மனசு மட்டும்தானா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்றைய கோடாக்ரோம் கலர் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. 10. வினாடிக்கு 16 கட்டம் ஓடும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சம் கிடைப்பது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு வினாடி. உச்சி வெயிலில் இதற்குத் தேவை எஃப் 8. பிரவுனியை முழுசாகத் திறந்தால் எஃப் 2.7. எட்டிலிருந்து 2.7-க்கு வந்தால் ஒன்பது மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், அதோடு சரி. வெயிலில் பாதி, கால், அரைக்கால் என்று குறைந்து, வீட்டு வாசல் நிழல்வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் கறுப்புத்தான்.

மரம் சீவுவது எப்போது? பால் நன்றாக இறங்குவது குளிர்ச்சி இருக்கும்போதுதான். பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து இருட்டோடு நிரைக்கு (தங்கள் மர வரிசைக்கு) போய்விடுவார்கள். தலையில் விளக்கு. விடிந்தாலும் அந்தக் கூரை மாதிரி இலைகளுக்குக் கீழே வெளிச்சம் எங்கே? வெயிலில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த ஃபிலிமால் அந்த நேரத்தில் மனிதரைப் பார்க்கவே முடியாது. எவ்வளவு அக்கறையுள்ளவர் பொத்தானை அழுத்தியிருந்தாலும் ஒன்றும் விழுந்திருக்காது.

என் அம்மா 22 வருஷம் மரம் சீவினார். வேலை செய்யும் கோலத்தில் அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இந்தக் கணக்கை நான் போட்டது அதனால்தான்.

9 மார்ச், விடியற்காலை

ஆறு மணிக்கு அவ்வளவு இருட்டாக இருக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்றைய ஆறு மணிக்கும் அன்றைய ஆறு மணிக்கும் வித்தியாசம் உண்டு. 1982 ஜனவரி 1-ல்தான் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் கடிகாரப்படி சூரியன் அரை மணி முந்தியே உதித்தது. அப்படியும் ஆறு மணிக்குச் சூரியன் வந்திருக்காது. நான் சிறுபிள்ளையாக அம்மாவோடு போனபோது விளக்கு வெளிச்சத்தில்தான் மங்கு (பால் வடியும் கிண்ணம்) கழுவியிருக்கிறேன்.

9 மார்ச், இரவு

நேற்று எழுதியதை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு சரி. ஆனால் அக்காவுக்கு நான் சொன்ன பதில் பாதிதான்.

சீவுவது இருட்டில், சரி. பால் எடுப்பது? பத்து மணிக்கு மேல்தான் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றுவார்கள். பிறகு காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடை. ஸ்டோர் முற்றத்தில் வரிசையாக நின்று பால் நிறுக்க வேண்டும். அது உச்சி வெயில், எஃப் 8-க்கு ஏற்ற வெயில். ஆயாக்கொட்டகை முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள், அங்கும் வெயில். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் கூட்டம், அதுவும் பகலில். இதில் எதையும் எடுக்க வேகமான ஃபிலிம் தேவையில்லை. கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். பதினொரு சுருளிலும் அது நடக்கவில்லை. ஃபிலிமின் மேல் மட்டும் பழியைப் போட்டது தவறு அக்கா. நீங்கள் சொன்னதே சரி.

14 மார்ச்

தெலுக் இந்தான் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கேமராவோடு இருந்த மஞ்சள் டப்பாவில் கோடாக்ரோம் என்று தெளிவாக இருக்கிறது. "அப்போ கலரில் வருமா?" என்கிறார்.

வராது தம்பி. மற்றக் கலர் ஃபிலிம்களில் சாயத்துக்கான பொருள் ஃபிலிமிலேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். அதற்கான ரசாயனத்தைக் கோடாக் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் கடைசியாக இருந்த ஒரு ஆய்வகமும் 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது எடுக்க முடிந்தது கறுப்பு வெள்ளை மட்டும்தான். அதற்கும் பழைய சுருளில் அனுபவமுள்ளவர்கள்தான் வேண்டும். "முயன்று பார்க்கிறேன்" என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். என்னிடமும் கொடுக்காதீர்கள். இருட்டறையில் சுருளை எடுத்து டப்பாவில் அடைத்துத் தருவதோடு என் வேலை முடிந்தது.

இந்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் வீட்டில்தான் சாப்பாடு.

19 மார்ச்

வந்தார். அறையில் விளக்கை அணைத்து, கறுப்புப் பைக்குள் கை விட்டு எடுத்தோம். சுருள் வளையவில்லை, ஒட்டிக்கொள்ளவில்லை, புளிப்பு வாடை இல்லை. தாத்தா இரும்புப் பெட்டியில் நெல் உமியைப் போட்டு அதன் மேல் வைத்திருந்தாராம். கவர்னரும் நன்றாக ஓடுகிறது. ஃபிலிமை எடுத்த பிறகு சாவி கொடுத்து ஓட்டிக் காட்டினேன். தம்பி காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2 ஏப்ரல்

சுருள் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் என் பங்குக்கு ஒன்று செய்தேன். இந்த இரட்டை 8 ஃபிலிமை (16 அகலத்தில் இரு பாதியாக எடுக்கும் வகை) செக் நாட்டு ஃபோமா இன்னும் செய்கிறது, கறுப்பு வெள்ளை, வேகம் 100. பழைய கோடாக்ரோமைவிடப் பத்து மடங்கு. அதை என் போலெக்ஸ் பி8-ல் போட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் ஒரு சின்ன ரப்பர்க் காட்டுக்கு ஏழரை மணிக்குப் போனேன். சுற்றிலும் செம்பனை. சீவிக்கொண்டிருந்தவர் வங்காளதேசத்துத் தம்பி. கேட்டேன், சம்மதித்தார். யுவார் லென்ஸ், எஃப் 1.9, முழுத் திறப்பு.

பிரவுனியில் இதே ஃபிலிமைப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளி வெயிலில் அதன் கடைசித் திறப்பு எஃப் 16-ம் போதாது, படம் வெளுத்துவிடும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டர் வையுங்கள். காட்டுக்குள் என்றால் கழற்றிவிடுங்கள்.

21 ஜூன்

என் சுருள் வந்தது. மரம் தெரிகிறது, கை தெரிகிறது, கத்தி பட்டையில் இறங்குவது தெரிகிறது. முகம் இருட்டு. வேகம் 100-க்கே இவ்வளவுதான்.

17 ஆகஸ்ட், இரவு

தம்பியின் சுருள் வந்துவிட்டது. கணினியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். என் மனைவியையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

வெளிச்சுற்றுகள் வெள்ளையாக எரிந்துவிட்டன. உள்ளே எட்டு அடி பிழைத்திருக்கிறது. எங்கும் புள்ளியும் மங்கலும், ஆனால் ஆட்கள் தெரிகிறார்கள். ஸ்டோர் முற்றம்! தராசு பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார். கிராணியின் இடம் அதுதானே, பால் நிறுத்து எழுதுபவர். அங்கிருந்து பார்த்தால் வரிசை நேராக அவரை நோக்கி வருகிறது. முக்காடு போட்ட பெண்கள், தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. மூன்றாவதாக வருகிறவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அக்கா, நாம் தேடியது கிராணியின் பெட்டியில் இருந்திருக்கிறது.

தம்பி, முகங்களைத் தனித்தனிப் படமாக எடுத்து அந்தத் தோட்டத்து ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எண்பது தாண்டியவர்களிடம் முதலில் காட்டுங்கள்.

18 ஆகஸ்ட், காலை

இரவு முழுக்க ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர்கள் ஓடுகிறார்கள். இரண்டு வாளி பாலைச் சுமந்துகொண்டு யாரும் அப்படி ஓட முடியாது, சிந்திவிடும்.

எட்டு அடியில் 640 கட்டம். உங்கள் கோப்பு 27 வினாடியில் முடிகிறது, அதாவது வினாடிக்கு 24 ஓடுகிறது. பிரவுனி எடுத்தது 16-ல். ஸ்பிரிங் கேமராக்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பது உண்மை. 1963-ல் கென்னடி சுடப்பட்டதைப் பிடித்த கேமராவும் இந்த இரட்டை 8 வகைதான், அதைச் சோதித்தபோது சராசரி 18.3 என்று கணக்கிட்டார்கள். ஆனால் மார்ச்சில் உங்கள் கேமராவைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 16-க்கு மிக அருகில்தான் ஓடியது. ஆய்வகத்துக்கு எழுதி 16-ல் மாற்றிக் கேளுங்கள். மொத்தம் 40 வினாடி வர வேண்டும்.

நான் இங்கே கணினியில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டேன். நடக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் கம்பு தோளில் வளைந்து எழுகிறது.